பையில் கிடந்த வழக்கு

ஜூன் மூன்றாம் வாரம் முடிந்தும் வானம் வெளுக்கவில்லை. கிழக்கு எண்பது ஏக்கரில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. நாலிலைப் பருவத்துச் சர்க்கரை பீட் கிழங்குச் செடிகள் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுத்து, இப்போது வெந்த கீரை மாதிரி சேற்றோடு படிந்து கிடந்தன. ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மேல்மூலை வரை நடந்துபோன ஆர்டிஸ் க்வாம், ஓடைக்கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கறுப்புக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓரடி அகலக் குழாய். மழை ஓய்ந்து ஒன்றரை நாளாகியும் அது வாய் நிறையக் கக்கிக்கொண்டிருந்தது.

குழாய் டுவேன் ஸ்டெங்குடையது. அவன் நிலம் மேடு. மேடு என்றால் ஒன்றரை அடி உசரம். மினசோட்டா மாநிலத்தின் அந்த மேற்கோரத்தில், மேஜைப் பலகை போல் கிடக்கிற பூமியில், ஒன்றரை அடி பெரிய விஷயம். நாலு வருஷத்துக்கு முன் அறுவடை முடிந்த கையோடு டுவேன் மிஷினைக் கொண்டுவந்து தன் நிலம் பூராவும் மண்ணுக்கடியில் துளைக்குழாய் பதித்தான். டைல் போடுவது என்று ஊரில் சொல்வார்கள். அதுவரை அவன் மண்ணிலேயே ஊறி, சோம்பலாக வடிந்த தண்ணீர் எல்லாம் ஒரே வாயில் வந்து கொட்ட, ஓடை கொள்ளாமல் ஆர்டிஸின் வயலில் ஏறியது. இரண்டு விளைச்சல் போயிற்று. நடுவில் ஒரு வருஷம் மழை பொய்த்ததால் பிழைத்தது. இது மூன்றாவது.

அந்த எண்பது ஏக்கர் ஆர்டிஸின் அப்பா வழி வந்தது. மற்றதெல்லாம் அவள் புருஷன் லோவெலுடைய நிலம். லோவெலுக்கு அறுபத்து மூன்று வயது. இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், டிராக்டரில் ஏற இரண்டு முறை மூச்சு வாங்குகிறான். இன்னும் இரண்டு விதைப்பு, அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அதற்கப்புறம் லோவெலின் நிலத்தை மருமகன் பார்த்துக்கொள்ள, கிழக்கு எண்பதைக் குத்தகைக்கு விட்டு இவர்கள் சாப்பிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். தண்ணீர் நிற்கிற பூமியை எவன் குத்தகைக்குக் கேட்பான்?

அதனால்தான் போன வருஷம் மே மாதம் வழக்குப் போட்டார்கள். ஷெரிஃபின் ஆள் டுவேனின் மிஷின் கொட்டகைக்கே போய் அவன் கையில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். ஊரே ஒரு வாரம் அதைப் பேசியது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பனி பெய்தது, பனி உருகியது, விதைத்தார்கள். கோர்ட்டிலிருந்து ஒரு தபால் இல்லை.

ஆர்டிஸ் வரப்போரமாகத் திரும்பி வந்தபோது லோவெல் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து வைத்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"முறைச்சுப் பாத்தா வடிஞ்சிடுமா?" என்றான்.

"பாக்காம இருந்தா வடிஞ்சிடுமா?"

"டுவேன்கிட்ட சொல்லியிருக்கேன். இந்த வருஷம் கண்டிப்பா குழாய்ல ஷட்டர் வைக்கறேங்கறான். மழைக்காலத்துல மூடி வச்சுக்கலாம்."

"போன அறுப்புக்கும் அதான் சொன்னான்."

"போன வருஷம் சீக்கிரமே மண்ணு உறைஞ்சுபோச்சு, ஆர்டிஸ். அவன் என்ன பண்ணுவான்?"

"உனக்கு அவன்மேல எப்பவும் ஒரு இரக்கம். எம்மேல கொஞ்சம் வச்சுக்கயேன்."

லோவெல் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். டுவேனும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அதற்குமேல் பேசினால் வாய்ச்சண்டையாகும் என்று அவளுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை வண்டியின் நம்பர் பலகைக்கு ஸ்டிக்கர் வாங்க எல்ஸ்ட்ரூப் டவுனுக்குப் போனாள். கவுண்டி என்கிற மாவட்டத்து அலுவலகங்கள் எல்லாம் ஒரே கட்டடம். கீழே வண்டி லைசென்ஸ், நடுமாடியில் கோர்ட். ஸ்டிக்கரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவள், என்னவோ தோன்றி, படியேறினாள்.

கோர்ட் ஜன்னலுக்குப் பின்னால் ஜோலீன் உட்கார்ந்திருந்தாள். ஆர்டிஸ் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸில் அவள் பிள்ளைகள் இரண்டும் வருகிறவர்கள்தான்.

"எங்க கேஸ் எந்த நிலைமைல இருக்குன்னு பாக்கணும். க்வாம், ஸ்டெங்."

ஜோலீன் கம்ப்யூட்டரில் தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள். "எப்படி எழுதுவீங்க? கே, வி தானே?"

"ஆமா."

"அப்படி ஒரு கேஸ் இல்லியே."

"போன மே மாசம் போட்டது. ஷெரிஃப் ஆள் கொண்டுபோய்க் கொடுத்தான். நானே பாத்தேன்."

"கொடுத்திருப்பாங்க. இங்க வரல. எங்ககிட்ட நம்பரே இல்ல."

ஆர்டிஸுக்குக் காது இரண்டும் சூடானது. பின்னால் வரிசையில் நின்றவன் இருமினான். நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள். படி இறங்கும்போதே அவள் மனசு பிப்ரவரிக்குப் போய்விட்டது. அன்றைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஏரிக்கரையோடு காலி பஸ்ஸை ஓட்டி வந்தபோது, உறைந்த ஏரிமேல் டுவேனின் மீன்பிடிக் குடிசை வாசலில் தங்கள் வக்கீல் கெர்ஹார்ட் நெஸ்ஸின் பழுப்பு பியூக் கார் நின்றது. குடிசைப் புகைபோக்கியில் மீன் வறுக்கிற புகை. அன்றைக்கு அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது நினைத்தாள்.

கெர்ஹார்டின் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில், மருந்துக்கடை மாடியில். அறுபத்தெட்டு வயது, தனிக்கட்டை. வரவேற்பில் இருந்த பெண் இரண்டு வருஷத்துக்கு முன் ஓய்வு பெற்ற பிறகு வேறு யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. தபால் உறைகள் நாற்காலிமேல் அடுக்கி இருந்தன.

"கேஸே இல்லைங்கறாங்க, கெர்ஹார்ட்," என்றாள், உட்காராமலே.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு, ஜோலீனா? இருக்காது. நான்தான் இன்னும் போடலையே."

"போடலையா? ஒரு வருஷம் ஆச்சு."

"உக்காரு, சொல்றேன். நம்ம மாநிலத்துல வழக்குங்கறது எதிராளி கைல காகிதம் விழுந்த நிமிஷமே பொறந்துடுது. கோர்ட்டுல பதிஞ்சாத்தான் வழக்குங்கறது மத்த ஊர்ல. இங்க பதியாமலே பேசலாம், கேள்வி கேக்கலாம், பதில் வாங்கலாம், சமாதானமும் பண்ணிக்கலாம். காகிதம் வக்கீலோட பின்பாக்கெட்லயே கெடக்கும். பையில கெடக்கற வழக்குன்னே அதுக்குப் பேரு. நான் வக்கீலானதுலேர்ந்து முப்பத்தொம்பது வருஷமா இப்படித்தான் பண்றேன். பாதிக் கேஸு ஜட்ஜ் கண்ணுலயே பட்டதில்ல."

"எதுக்கு அப்படி?"

"எதுக்குன்னா, பதிஞ்சாச்சுன்னா ஊரே படிக்கலாம். பத்திரிகைக்காரன் படிப்பான். சர்ச்சுல பேசுவாங்க. பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரங்க அப்புறம் பேசிக்க மாட்டாங்க. பையில இருந்தா ரெண்டு பேருக்கும் பயம் இருக்கும், மானமும் போகாது."

"யாரோட மானம்? டுவேனோட மானமா?"

கெர்ஹார்ட் அவளை நிதானமாகப் பார்த்தார். "என்ன சொல்ல வர்ற?"

"பிப்ரவரில அவன் குடிசைல மீன் சாப்ட்டீங்க."

"சாப்ட்டேன். நல்ல ஏரி மீனு. உங்க வீட்லயும் சாப்ட்டிருக்கேன். இந்த ஊர்ல எனக்கு எதிர்க்கட்சி இல்லாத வீட்லதான் சாப்பிடணும்னா நான் பட்டினிதான் கெடக்கணும், ஆர்டிஸ்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அவள் எழுந்தாள். "எங்க ஃபைலைக் குடுங்க. வீட்ல வச்சுப் படிக்கறேன்."

அவர் முகம் கறுத்தது. எழுந்துபோய் இரும்பு அலமாரியில் தேடி, தடிமனில்லாத ஒரு காகிதக் கட்டை எடுத்துக் கொடுத்தார். வாசல் வரை வந்தவர் வழக்கம்போல் கை கொடுக்கவில்லை.

சாப்பாட்டு மேஜையில் ஃபைலைப் பார்த்ததும் லோவெல் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டான்.

"அவர்கிட்டேர்ந்து பிடுங்கிட்டு வந்துட்டியா? எங்கப்பா உயில் எழுதினவர் அவரு."

"உயிலு எழுதினா வழக்கு நடத்துவாருன்னு அர்த்தமா? கோர்ட்டுல நம்ம பேரே இல்ல. கேட்டா, ஊர்ல மானம் போகக் கூடாதுன்னு பதியலையாம்."

"அதான் காரணம் சொன்னாரே."

"காரணம் எனக்குப் புரியாதபடி சொன்னாரா, புரியற மாதிரி ஏமாத்தினாரான்னு தெரியல. அவர் பையில எத்தனை பேரோட வழக்கு கெடக்கு? அதுல டுவேனோடது எத்தனை?"

"எல்லாரும் உனக்கு எதிரா சேந்துக்கிட்டாங்கங்கற. வானத்தையும் சேத்துக்கோ. அதுவும் டுவேன் ஆளுதான்." அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

புதன் முழுக்க அவள் ஃபைலைப் படித்தாள். டுவேனின் வக்கீலம்மா ஃபார்கோ நகரத்திலிருந்து எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. எல்லாம் மரியாதையான கடிதங்கள். 'இந்தக் குளிர்காலம் கழியட்டும்', 'என் கட்சிக்காரர் நட்பான முடிவையே விரும்புகிறார்', 'விதைப்பு முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம்'. கடைசிக் கடிதம் மே மாதத்தியது. ஜூலை இரண்டாம் வாரம் சந்திக்கலாமா என்று கேட்டிருந்தது. கெர்ஹார்ட் அதன் ஓரத்தில் பென்சிலால் 'சரி' என்று எழுதியிருந்தார். இத்தனை இனிப்பாக எழுதுகிற வக்கீலை ஆர்டிஸ் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொரு கடிதமும் எதையாவது கொஞ்சம் தள்ளிப் போட்டது என்பதை மட்டும் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மறுபடியும் ஜோலீனின் ஜன்னலுக்குப் போனாள். ஃபைலை மேடைமேல் வைத்தாள்.

"இதை நானே இங்க பதியலாமா? எப்பப் பதியணும்? ஏதாவது கணக்கு இருக்கா?"

ஜோலீன் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தொட்டுக் காட்டினாள். அலுவலர்கள் சட்ட ஆலோசனை வழங்கக் கூடாது என்று எழுதியிருந்தது.

"நான் ஆலோசனை கேக்கல. தேதிதான் கேக்கறேன்."

"தேதியும் ஆலோசனைதான். சொன்னா என் வேலை போயிடும்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. மேல்மாடில சட்டப் புஸ்தக ரூம் இருக்கு. யார் வேணும்னாலும் போய்ப் படிக்கலாம், கேஸ் இல்லாதவங்ககூட. மழையாவும் இருக்கு. சிவில் நடைமுறை விதிகள்னு நீலப் புஸ்தகம் ஒண்ணு. அஞ்சாம் விதி நல்லா இருக்கும்."

"நல்லா இருக்குமா?"

"எனக்குப் புடிச்ச விதி அது. அதுல நாலாவது பகுதி."

மேல்மாடி அறையில் ஈரச் சுவரின் வாடை அடித்தது. ஒரே ஒரு மேஜை. நீலப் புத்தகங்கள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. அவள் முதலில் எடுத்தது பழையது. அதில் ஐந்தாம் விதி நான்காம் பகுதியில் கெர்ஹார்ட் சொன்னதற்கு மாறாக எதுவும் இல்லை. பதிவதற்குக் கெடு எதுவும் போடவில்லை. அவர் பொய் சொல்லவில்லையோ என்று ஒரு கணம் நினைத்தாள். புத்தகத்தின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தியது. எழுந்து கடைசிப் புத்தகத்தை எடுத்தாள்.

அதில் அதே பகுதி நீளமாக இருந்தது. இரண்டு வாக்கியம் புதிதாக முளைத்திருந்தது. தொடங்கி ஒரு வருஷத்துக்குள் கோர்ட்டில் பதியாத வழக்கு, தானாகவே தள்ளுபடி ஆனதாகக் கொள்ளப்படும். மறுபடி போடவே முடியாத தள்ளுபடி. அந்த வருஷத்துக்குள் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு நீட்டித்துக்கொண்டால் மட்டும் விலக்கு. கீழே பொடி எழுத்தில் குறிப்பு: இந்தத் திருத்தம் போன வருஷம் ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே தொடங்கிய பழைய வழக்குகளுக்கும் அன்றிலிருந்து ஒரு வருஷம்.

சுவரில் காலண்டர் இருந்தது. வியாழன், ஜூன் இருபத்தாறு. ஜூலை முதல் தேதி செவ்வாய்க்கிழமை.

அவள் அந்தப் பக்கத்தை மூன்று தரம் படித்தாள். ஃபார்கோ வக்கீலின் ஜூலை இரண்டாம் வாரம் நினைவுக்கு வந்தது. பென்சிலால் எழுதிய 'சரி' நினைவுக்கு வந்தது. கெர்ஹார்ட் தெரிந்துதான் எழுதினாரா? பிரதி எடுக்கிற மிஷினில் அந்தப் பக்கத்தை எடுத்து மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். லோவெலிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் வாய் டுவேனிடம் நிற்காது என்று பயம். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கெர்ஹார்டின் மேஜைமேல் அந்தக் காகிதத்தை விரித்து வைத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதைப் பார்க்கத்தான் வந்திருந்தாள். காகிதம் ஒரு சாக்கு.

அவர் படித்தார். உதடு அசைந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு எழுந்து, நாற்காலிமேல் இருந்த உறைகளைப் புரட்டினார். பிரிக்காத உறைகள். ஒன்றைக் கிழித்து, உள்ளே இருந்த மெல்லிய சிற்றேட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் காதுமடல் வரை சிவந்து, பிறகு வெளுத்தது.

"இது எனக்குத் தெரியாது, ஆர்டிஸ்."

"வக்கீலுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கணும். தெரியல." உட்கார்ந்தார். "நான் வந்த காலத்துல விதிப் புஸ்தகம் இத்தனூண்டு. வருஷத்துக்கு ஒரு வார்த்தை மாத்துவாங்க, கமா மாத்துவாங்க, அதுக்கு ஒரு கமிட்டி. கூட்டம் போட்டுப் பேசுவாங்க, நானும் போயிருக்கேன். அப்புறம் தாள் தாளா வந்தது. அப்புறம் கம்ப்யூட்டர்லங்கறாங்க. இந்தப் பை வழக்கை மட்டும் எவனும் தொட மாட்டான்னு நெனச்சேன். அது நம்ம வழக்கம், எங்க தொடப்போறாங்கன்னு." சிற்றேட்டை மூடி வைத்தார். "எனக்கு எத்தனை கேஸு இப்படிப் பையில கெடக்குன்னு இப்பதான் எண்ணிப் பாக்கணும்."

அவள் அவரை நம்பலாமா என்று யோசித்தாள். இத்தனை வெளுப்பை ஒரு மனுஷன் நடித்துக் காட்ட முடியுமா? முடியாது என்றுதான் பட்டது. ஆனாலும் சந்தேகத்தை முழுசாக விடவில்லை.

"இன்னிக்கே பதியலாம்ல?"

"ஷெரிஃப் ஆள் காகிதத்தைக் கொடுத்ததுக்கு எழுதின சான்று வேணும். அது இந்த ஃபைல்ல இல்ல. எங்கயோ மாத்தி வச்சிருக்கேன். இப்ப மணி நாலேகால். ஃபார்கோ வக்கீலுக்குப் போன் போட்டு ரெண்டு வாரம் நீட்டிக்கக் கேக்கட்டுமா? கேட்டா கையெழுத்துப் போடுவா."

"கேக்காதீங்க. அவங்களுக்கு எதுவும் தெரிய வேணாம்."

"அவங்களுக்குத் தெரியாதுன்னா நெனைக்கற?"

அவள் எழுந்தாள். "சனி, ஞாயிறு தேடுங்க. திங்கட்கிழமை மத்தியானம் வருவேன்."

சனிக்கிழமை மத்தியானம் மழை சற்று விட்டிருந்தது. ஆர்டிஸ் உருளைக்கிழங்கும் அரைத்த மாட்டுக்கறியும் போட்டு ஹாட்டிஷ் செய்திருந்தாள். டுவேனின் பெண்டாட்டி அனுப்பியிருந்த, ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டில் செய்த இனிப்புப் பலகாரம் ஒரு தட்டு நிறைய மேஜையில் இருந்தது. காலையில் டுவேனே வந்து கொடுத்துவிட்டுப் போனானாம்.

"பலகாரம் எதுக்கு வருது இப்ப?" என்றாள்.

"ஜூன் மாசம். எல்லார் தோட்டத்துலயும் ருபார்ப். அதுக்கும் காரணம் தேடாத."

"திங்கட்கிழமை ஊருக்குப் போறேன். ஒரு வேலை இருக்கு."

"கெர்ஹார்டைப் பாக்கவா?" லோவெல் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "விட்டுடேன், ஆர்டிஸ். அவரைப் போட்டு ஏன் இம்சை பண்ற. இந்தச் செவ்வாய்க்கிழமை தாண்டட்டும். அப்புறம் எல்லாம் தானா சரியாயிடும்."

அவள் கரண்டியை வைத்தாள். "எந்தச் செவ்வாய்க்கிழமை?"

"ஏன், வர்ற செவ்வாய்தான்."

"வர்ற செவ்வாய்க்கிழமை என்ன, லோவெல்?"

அவன் நிமிர்ந்தான். சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ரொட்டித் துண்டை எடுத்தான், வைத்தான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். முப்பத்தாறு வருஷமாக அவள் அதை ஒரு நல்ல குணமாகத்தான் நினைத்து வந்தாள்.

"டுவேன் சொன்னான்," என்றான் கடைசியில்.

"எப்ப?"

"பிப்ரவரில. ஏரிமேல. அவன் வக்கீல் சொல்லியிருக்கா. ஒரு வருஷத்துக்குள்ள பதியலைன்னா தானா போயிடுமாம். நான் ஒண்ணும் செய்யல ஆர்டிஸ், செய்யாம இருந்தேன், அவ்வளவுதான். போய்ட்டா நல்லதுன்னு பட்டது. யாரும் தோத்ததா இருக்காது. நீயும் வாபஸ் வாங்கினதா இருக்காது. அது முடிஞ்ச மறுநாளே ஷட்டர் வைக்கறேன்னு கை குடுத்தான்."

"அஞ்சு மாசமா தெரியும் உனக்கு."

"சொன்னா நீ ஒத்துக்க மாட்ட."

"அஞ்சு நாளா நான் கெர்ஹார்டைத் திருடன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவர் மூஞ்சிலயே கேட்டேன். நீ பக்கத்துல உக்காந்து சாப்ட்டுக்கிட்டு, எல்லாரும் உனக்கு எதிரியான்னு என்னைக் கேலி பண்ணின."

"டுவேனைக் கூண்டுல ஏத்தி, அவன் முன்னாடி நான் சாட்சி சொல்லணுமா? பதினாறு வயசுல ஏரிப் பனி ஒடைஞ்சு மூழ்கினப்ப என்னை இழுத்துப் போட்டவன் அவன்."

"இழுத்துப் போட்டான். அதுக்கு எங்கப்பா நிலத்தைக் குடுக்கணுமா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டாள். ருபார்ப் பலகாரத்தை அப்படியே மூடி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் தள்ளினாள். அன்று மாலையும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் அந்த வீட்டில் வானொலி மட்டும்தான் பேசியது. சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அவன் போனில் யாருடனாவது பேசுகிறானா என்று அவள் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டில் தானே வேவு பார்க்க நேர்ந்ததுதான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் கிளம்பும்போது லோவெல் கொட்டகை வாசலில் நின்றிருந்தான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

கெர்ஹார்ட் மருந்துக்கடைப் படியடியில் காத்துக்கொண்டு நின்றார். கோட் போட்டு டை கட்டியிருந்தார். முகத்தில் இரண்டு நாள் தாடி. கையில் ஒரு உறை.

"கெடைச்சது. நேத்து சாயங்காலம். வேற ஒரு ஸ்டெங் ஃபைல்ல போட்டு வச்சிருக்கேன், டுவேனோட சித்தப்பன் சொத்துக் கேஸு."

ஆர்டிஸ் உறையைப் பிரித்து, தேதி, பெயர், கையெழுத்து மூன்றையும் தானே பார்த்தாள். அவர் அதற்குக் கோபப்படவில்லை. இருவரும் தெருவைக் கடந்தார்கள்.

ஜோலீன் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். "வழக்குத் தொடுக்கறவங்க ரெண்டு பேரு. ஆர்டிஸ் க்வாம், லோவெல் க்வாம். ரெண்டு பேரும் இருக்காங்களா?"

கெர்ஹார்ட் ஆர்டிஸைப் பார்த்தார். அவள் ஒரு கணம் தயங்கினாள். "பேரு அதுல இருக்கு. எடுக்கணும்னா அவனே வந்து எடுக்கட்டும்."

முத்திரை விழுந்தது. மூன்றரை மணி என்று ஜோலீன் பக்கத்தில் எழுதினாள். நம்பர் போட்டு ஒரு பிரதியைத் தள்ளினாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. "அஞ்சாம் விதி எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ சொன்ன மாதிரிதான்."

வெளியே வந்ததும் கெர்ஹார்ட் கோட்டுப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதுல எழுதியிருக்கேன். எனக்கு விதி தெரியாம போனது, உங்க வழக்கு சாகறதுக்கு ஒரு நாள் முன்னாடி தப்பிச்சது, எல்லாம். இதை நான் எழுத்துல சொல்லணும். நீங்க வேற வக்கீல் பாத்துக்கறது நல்லது. ரெண்டு பேர் குறிச்சிருக்கேன். மூர்ஹெட்ல இருக்கற பொண்ணு தண்ணி வழக்குல கெட்டிக்காரி, புதன்கிழமை பத்து மணிக்கு நேரம் கேட்டு வச்சிருக்கேன்."

"நீங்க?"

"பையில வழக்கு கெடக்கற இன்னும் நாலு பேர் வீட்டுக்குப் போகணும் இன்னிக்குள்ள. அதுல ரெண்டுக்குச் சான்று கெடைக்கல."

ஆர்டிஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "பியூக்கைப் பாத்ததும் தப்பா நெனச்சுட்டேன்," என்றாள்.

"தப்பா நெனச்சதாலதான வந்து பாத்த," என்றார் கெர்ஹார்ட். காரை நோக்கி வேகமாக நடந்தார். அந்த வயசுக்கு அது ஓட்டம்.

வீட்டுக்கு வந்ததும் முத்திரை போட்ட பிரதியைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். லோவெல் தூரத்திலிருந்தே அதைப் பார்த்தான்.

"எம்பேரும் இருக்கா?"

"இருக்கு."

அவன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றவாக்கில் முழுவதையும் படித்தான். "டுவேன் கை குடுத்திருக்கான், ஆர்டிஸ். நீ நெனைக்கற மாதிரி ஆளு இல்ல. பதியாம விட்டிருந்தாலும் ஷட்டர் வச்சிருப்பான்."

"வச்சிருப்பானா?"

"வச்சிருப்பான். நான் கேட்டுக் காட்டறேன். பதிஞ்சது அவனுக்குத் தெரியாது இல்ல? புதன்கிழமை காலைல கூப்பிடறேன். பதிஞ்சதைச் சொல்ல மாட்டேன், ஷட்டரை மட்டும் கேக்கறேன். நீயே பக்கத்துல நின்னு கேளு."

இது அவனாகச் சொன்னது. அவள் கேட்கவில்லை. செவ்வாய் முழுக்க மறுபடி மழை பெய்தது. கிழக்கு எண்பதில் தண்ணீர் இன்னும் நாலு விரல் ஏறியது. லோவெல் மத்தியானம் அந்த வலிக்கிற இடுப்போடு மேல்மூலை வரை தனியாக நடந்துபோய்விட்டு வந்தான். என்ன பார்த்தான் என்று சொல்லவில்லை.

புதன்கிழமை ஏழரை மணிக்குக் காப்பியை ஊற்றி வைத்துக்கொண்டு, போனை மேஜைமேல் வைத்து, சத்தம் வெளியே கேட்கிற பொத்தானை அழுத்தினான். ஆர்டிஸ் அடுப்போரமாக நின்றாள்.

"லோவெலா? என்ன இது, காலங்காத்தால." டுவேனின் குரல் உற்சாகமாக இருந்தது. "இடுப்பு எப்படி?"

"இருக்கு. உங்க பக்கம் எவ்வளவு மழை?"

"ஒண்ணே கால் அங்குலம். என் சோயா தப்பிச்சது, டைல் புண்ணியம். ருபார்ப் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு," என்றான் லோவெல். அவன் அதைத் தொடவில்லை. "டுவேன், ஒண்ணு கேக்கணும். நேத்தோட முதல் தேதி முடிஞ்சுது. ஷட்டர் எப்ப வைக்கலாம்? குழாய் அளவு எடுக்க நானும் வரேன்."

போனில் டுவேன் வாயைத் துடைத்துக்கொள்வது போல் ஒரு சத்தம்.

"ஷட்டர்ங்கற?"

"பிப்ரவரில சொன்னியே."

"ஆங், சொன்னேன், சொன்னேன். பேச்சுவாக்குல சொல்றதுதான். பாரு லோவெல், ஷட்டரை மூடினா தண்ணி எம்பக்கம் நிக்கும். என் வேரு அழுகும். இப்பதான் அந்தக் காகிதம் செத்தாச்சே. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆர்டிஸுக்கு ரெண்டு வாரம் கோவம் இருக்கும், அப்புறம் சரியாயிடுவா. அந்தக் கிழக்கு எண்பதை எனக்கே குத்தகைக்கு விட்டுடுங்களேன், பேசிக்கலாம். நான் டைல் போட்டுக்கறேன். சரி, நாலாம் தேதி சுதந்திர தினத்துக்கு ஏரிக்கு வர்றீங்கல்ல? ஹாம்பர்கர் நான் பாத்துக்கறேன்."

லோவெல் இரண்டு கையாலும் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் அவனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

"லோவெல்? இருக்கியா?"

"இருக்கேன்." முத்திரைக் காகிதத்தை அருகில் இழுத்தான். "டுவேன், அது சாகல. திங்கட்கிழமை மூணரை மணிக்கு கோர்ட்டுல பதிஞ்சாச்சு. நம்பர் வேணும்னா சொல்றேன், எழுதிக்க." ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திப் படித்தான். "அதுல எம்பேரும் இருக்கு."

டுவேன் என்னவோ சொல்ல ஆரம்பித்தான். லோவெல் பொத்தானை அழுத்தி வைத்துவிட்டான். அவன் ரொம்ப நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் ஆறிப்போன காப்பியைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றி வைத்தாள். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. அஞ்சு மாசம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"அந்த மூர்ஹெட் வக்கீல் பொண்ணு," என்றான் லோவெல். "பத்து மணிக்கா?"

"பத்துக்கு."

"பிப்ரவரில அவன் சொன்னதை எல்லாம் அங்க சொல்லணும் இல்ல? எனக்கு முன்னாடியே தெரியுங்கறதையும்."

"எல்லாத்தையும் சொல்லணும்."

அவன் மேஜையை ஊன்றி எழுந்தான். இடுப்பு பிடித்துக்கொண்டதில் ஒரு கணம் அப்படியே நின்றான்.

"இந்தச் சட்டை போதுமா?"

அவள் திரும்பி அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"காலர்ல கிரீஸ் இருக்கு," என்றாள். "மாத்திட்டு வா. வண்டியை நான் எடுக்கறேன்."